மல்யுத்த மேடையில் விழுபவரை மதித்துப் பார்ப்பது எப்படி

ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ, பிள்ளைகள் இருக்கும் வீட்டுத் தொலைக்காட்சியில் டபிள்யூடபிள்யூஇ என்ற அமெரிக்க நிறுவனத்தின் மல்யுத்தம் ஓடும்போது, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் "அதெல்லாம் செட்டப்புங்க" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதும், பேரன் "இல்லைங்க அப்பாரு, நெசமாத்தான் அடிச்சுக்கறாங்க" என்று மல்லுக்கு நிற்பதும் வழக்கம். இருவருமே தவறாகச் சொல்லவில்லை. ஆனால் இருவரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர் பேசுவது யார் ஜெயிப்பார் என்பதைப் பற்றி. பேரன் பேசுவது உடம்புக்கு நேர்வதைப் பற்றி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், அந்த மேடையில் விழுந்து எழுபவர்களுக்கு எந்த அளவு மரியாதை கொடுக்கலாம், எதற்காகக் கொடுக்கலாம், எதற்காகக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் தானாகத் தெளியும். பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் பெற்றோரை மனத்தில் வைத்தே கீழே உள்ள வழிமுறைகளை எழுதுகிறேன்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது என்பதைப் பிள்ளைகளிடம் மழுப்பாமல் சொல்லிவிடுங்கள். அன்று டபிள்யூடபிள்யூஎஃப் என்ற பெயரில் இயங்கிய அந்த நிறுவனமே 1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலச் செனட் சபையில், தாங்கள் நடத்துவது போட்டி விளையாட்டு இல்லை, பார்வையாளருக்கான கேளிக்கை என்று எடுத்துச் சொல்லி, விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கேட்டது. நடத்துபவர்களே அரசாங்கத்திடம் ஒப்புக்கொண்ட விஷயத்தை, ஏதோ திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது போல நாம் இன்று சொல்லிக் காட்டுவதில் பொருளில்லை.

முடிவு தெரிந்த ஒன்றை மதிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடும் இரவில், பொன்னரும் சங்கரும் படுகளத்தில் மாளப் போகிறார்கள் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் சிறு குழந்தைக்கும் தெரியும். அப்படித் தெரிந்ததாலேயே யாரும் பாதியில் எழுந்து போவதில்லை. விடிய விடியப் பாடுகிறவரின் தொண்டை கட்டுவதையும், உடுக்கை பிடித்த கை காய்த்துப் போவதையும் யாரும் பொய் என்று சொல்வதில்லை. கதை முன்பே எழுதப்பட்டது, உழைப்பு அன்றைக்கே செய்யப்படுவது. மல்யுத்த மேடையிலும் எழுதி வைக்கப்பட்டது முடிவுதான். முதுகு பலகையில் மோதும் அந்த நொடியை யாரும் எழுதி வைத்துத் தவிர்க்க முடியாது.

பெரியவர்கள் இதற்கும் மசியவில்லை என்றால் சினிமாவைத் துணைக்கு அழைக்கலாம். கோவை ஒரு காலத்தில் ஸ்டூடியோக்களின் ஊர். தேகப்பயிற்சியால் பெயர் பெற்று, சண்டைக் காட்சிகளில் நடித்து, பிறகு பெரும் தயாரிப்பாளராக உயர்ந்த சாண்டோ சின்னப்பா தேவர் இங்கே ராமநாதபுரத்தில் பிறந்தவர். சண்டைக் காட்சியில் விழுந்து பிழைக்கும் ஸ்டன்ட் நடிகரை நாம் யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொன்னதில்லை. அந்த ஸ்டன்ட் நடிகருக்காவது படத்தில் தெரியாதபடி கீழே அட்டைப் பெட்டிகளும் மெத்தையும் போட்டு வைக்கிறார்கள், தவறினால் மறுபடியும் எடுக்கிறார்கள். மல்யுத்த வீரருக்கு மறு டேக் கிடையாது. ஆயிரக்கணக்கானோர் நான்கு பக்கமும் சூழ்ந்திருக்க, ஒரே முறையில் சரியாக விழுந்தாக வேண்டும். தாராசிங், கிங்காங் என்ற அந்தக் கால மல்யுத்த வீரர்களின் பெயர்களைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காரும் தலைமுறைக்கு இன்னொரு தகவலும் சொல்லலாம்: 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் 100 கிலோ எடைப்பிரிவு ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில், கழுத்தெலும்பில் காயத்தோடு போட்டியிட்டுத் தங்கம் வென்ற கர்ட் ஆங்கிள்தான் பின்னாளில் டபிள்யூடபிள்யூஎஃப் மேடையில் ஏறினார். நிஜப் போட்டியும் மேடைப் போட்டியும் தெரிந்த அவரைப் போன்றவர்களின் உடம்பை, மேடை சற்றும் விட்டுவைக்கவில்லை.

மேடையின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

"அடியில் ஸ்பிரிங் மெத்தை இருக்கிறது" என்ற நம்பிக்கை பரவலாக இருப்பதால், மேடை எதனால் ஆனது என்று ஒரு முறை விளக்கிவிடுவது நல்லது. டபிள்யூடபிள்யூஇ மேடை பக்கத்துக்கு 20 அடி கொண்ட சதுரம். இரும்புச் சட்டங்களின் மேல் மரப்பலகைகளை அடுக்கி, அதன் மேல் மெல்லிய நுரை விரிப்பைப் போட்டு, அதற்கு மேல் கித்தான் துணியை இறுக்கிக் கட்டுகிறார்கள். சட்டங்கள் சற்றே வளைந்து கொடுப்பதால் விழும் விசையில் ஒரு பகுதியை மேடை வாங்கிக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் மீதி விசை முதுகுக்குத்தான். சுற்றியுள்ள கயிறும் நாம் நினைப்பது போல ரப்பர் இல்லை. டபிள்யூடபிள்யூஇயில் டேப் சுற்றிய கெட்டிக் கயிற்றையும், வேறு பல நிறுவனங்களில் ரப்பர் குழாய்க்குள் செலுத்திய இரும்புக் கம்பி வடத்தையும் பயன்படுத்துகிறார்கள். அதில் ஓடி மோதிப் பழகும் புதியவர்களின் விலாவும் முதுகும் கன்றிப் போவது பயிற்சிக் காலத்தின் முதல் பாடம்.

எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஆறடி உயரத்திலிருந்து தடையின்றி விழும் உடல் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். பதினாறு அடியிலிருந்து விழுந்தால் சுமார் 35 கிலோமீட்டர். தலைக்கு மேல் தூக்கி எறியப்படும் ஒவ்வொரு முறையும், நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஓர் உடம்பு அப்படியொரு வேகத்தில் பலகையில் போய் நிற்கிறது. சத்தம் பெரிதாகக் கேட்பதற்கு மேடைக்கு அடியில் வைக்கும் ஒலிவாங்கியும் ஒரு காரணம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம். உண்மையைச் சொல்லும்போது இரு பக்கத்தையும் சொன்னால்தான் பிள்ளைகள் நம்புவார்கள்.

தூக்குபவரின் கைகளைப் பாருங்கள்

மதித்துப் பார்ப்பதில் மிக முக்கியமான பயிற்சி இதுதான். நம் கண் இயல்பாகவே விழுபவர் மேல் போகும். முதலில் அவரையே பாருங்கள்: முதுகில் விழும்போது மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்கும், தலையின் பின்பக்கம் மோதாமல் இருப்பதற்காக, விழும் கணத்தில் மூச்சை வெளியே விட்டிருப்பார், நுரையீரல் காற்றோடு அமுங்காமல் இருப்பதற்காக, இரண்டு கைகளையும் விரித்து மேடையில் அறைவார், விசை ஓரிடத்தில் குவியாமல் பரவுவதற்காக. முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தட்டையாகப் படிய வேண்டும். இதை அந்தத் தொழிலில் பம்ப் என்கிறார்கள். யோசிக்கும் முன்பே உடம்பு தானாகச் செய்துவிடும் அளவுக்கு இதை மாதக்கணக்கில் பழகுகிறார்கள். சரியாகப் பழகியவருக்கும் வலிக்கும்; வலி எங்கே விழ வேண்டும் என்பதைத்தான் பயிற்சி தீர்மானிக்கிறது.

அடுத்த போட்டியில் கண்ணைத் தூக்குபவர் பக்கம் திருப்புங்கள். எதிராளியைத் தலைகீழாகப் பிடித்திருக்கும்போது, அவருடைய தலைக்கும் மேடைக்கும் இடையே எத்தனை அங்குலம் இருக்கிறது என்பது முழுக்க முழுக்கத் தூக்கியவரின் தொடையிலும் இடுப்பிலும்தான் இருக்கிறது. கீழே இறங்கும் கடைசிக் கணத்தில் கை எப்படி முதுகைத் தாங்குகிறது, கழுத்து எப்படி விடுவிக்கப்படுகிறது, கயிற்றின் மேலிருந்து பாய்கிறவரைக் கீழே நிற்பவர் எப்படி நெஞ்சைக் கொடுத்து ஏந்துகிறார் என்று கவனித்தால், கோபத்தோடு மோதுவது போலத் தோன்றும் இருவரும் ஒருவர் உயிரை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு நிற்பது தெரியும். கதையில் வில்லனாக நடிப்பவர் பல நேரம் மேடையில் மிகவும் பத்திரமான கைக்காரராக இருப்பார். என்னைக் கேட்டால், உயரத்திலிருந்து குதிப்பவரை விட, அப்படிக் குதிப்பவரைச் சேதமில்லாமல் பிடித்து இறக்குபவருக்கே முதல் கைதட்டல் போக வேண்டும்.

அந்தச் சில அங்குலம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி நடந்த சம்மர்ஸ்லாம் போட்டி சாட்சி. ஓவன் ஹார்ட் தலைகீழாகப் பிடித்து உட்கார்ந்தபோது ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினின் தலை மேடையில் மோதி, சிறிது நேரம் அவருடைய கைகால்கள் அசையவில்லை. ஹார்ட் பார்வையாளர்களைச் சீண்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தினார். ஆஸ்டின் ஊர்ந்து வந்து எழுதியிருந்தபடி போட்டியை முடித்தார். பிறகு கழுத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அவர், 2003ஆம் ஆண்டில் மேடையை விட்டு ஒதுங்க வேண்டியிருந்தது. 1999ஆம் ஆண்டு அக்டோபரில் பவர்பாம்ப் (எதிராளியைத் தூக்கி முதுகுபட அறையும் பிடி) ஒன்று சரியாக அமையாமல் போனதில் டேரன் டிராஸ்டாவ் கழுத்து முறிந்து, 2023ஆம் ஆண்டு இறக்கும் வரை சக்கர நாற்காலியில் வாழ்ந்தார்; அன்று தன்னைத் தூக்கிய டி-லோ பிரவுனை அவர் குற்றம் சொன்னதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சில் பிக் ஈ மேடைக்கு வெளியே தரையில் தலைகீழாக விழுந்து, கழுத்தெலும்பில் இரண்டு இடங்களில் முறிவு கண்டார். பல ஆண்டு அனுபவமும் நல்ல மருத்துவமும் கூட இருந்த இடத்தில்தான் இவையெல்லாம் நடந்தன.

நிஜக் காயத்தை எப்படி அறிவது

இதில் பார்வையாளருக்குக் குழப்பம் வருவது இயல்பு, அதற்குப் பாதிப் பொறுப்பு அந்தத் தொழிலையே சேரும். கதைக்காக ஸ்டிரெச்சரில் கொண்டுபோவதும், ஆம்புலன்ஸ் வரவழைப்பதும் அங்கே வாடிக்கை என்பதால், நிஜமாகவே ஒருவர் கிடக்கும்போதும் அரங்கம் சிரித்துக்கொண்டிருக்கிறது. சில அடையாளங்களைப் பழகிக்கொள்ளலாம். நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்துக் காட்டினால், பின்னால் இருக்கும் மருத்துவக் குழுவை அழைக்கிறார் என்று பொருள். கதைக்காகவும் இதைக் காட்டியிருக்கிறார்கள் என்றாலும், பெரும்பாலும் நம்பத் தகுந்த குறி. நடுவர் விழுந்தவரின் கையைப் பிடித்து அழுத்துவதும், குனிந்து அவரிடம் பேசுவதும் அவர் உணர்வோடு இருக்கிறாரா என்று பார்ப்பதற்கே. கேமரா திடீரென்று கூட்டத்தின் பக்கம் திரும்பினாலோ, வர்ணனையாளர்களின் குரல் தணிந்து நிதானமானாலோ, எதிராளி அடிப்பதை விட்டு ஒதுங்கி நின்றாலோ, நீங்களும் பேச்சை நிறுத்திவிடுவது நாகரிகம்.

வலியை மறைத்துக்கொண்டு முடிக்கப்பட்ட போட்டிகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் ஒன்றிரண்டு போதும். 2001ஆம் ஆண்டு மே மாதம் டிரிபிள் எச் தொடைத் தசை கிழிந்த நிலையிலும், அந்தக் காலையே முறுக்கும் பிடியை வாங்கிக்கொண்டு போட்டியை முடித்தார். மேடைக்குத் திரும்ப அவருக்கு 2002 ஜனவரி வரை ஆயிற்று. 2016ஆம் ஆண்டு ஃபின் பேலர் தோள்மூட்டு விலகிய பிறகும் தொடர்ந்து ஆடிப் பட்டத்தை வென்று, மறுநாளே அதைத் திருப்பிக் கொடுத்தார். 2022ஆம் ஆண்டு கோடி ரோட்ஸ் மார்புத் தசை கிழிந்து, நெஞ்சின் ஒரு பக்கமும் கையும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருக்க மேடையேறியபோது, செட்டப் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கும் வாயடைத்துப் போயிற்று. ஆனால் இவற்றைக் காட்டும்போது, காயத்தோடு ஆடுவதே வீரம் என்று பிள்ளை புரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் துணிச்சலுக்குத் தலை வணங்கலாம். அந்த முடிவு சரியானதுதானா என்று கேட்கவும் செய்யலாம்.

எதற்கு ஆரவாரம் செய்யக் கூடாது

மரியாதை என்றதும் பலரும் செய்வது, பயங்கரமான விழுகைகளைத் தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது. இது மரியாதையின் நேர் எதிர்த் திசை. பார்வையாளர் எதற்குக் கூச்சல் போடுகிறாரோ அதை அடுத்த வாரம் இன்னும் உயரத்திலிருந்து செய்யச் சொல்லும் தொழில் அது.

1998ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி பிட்ஸ்பர்க் நகரில், அண்டர்டேக்கர் மிக் ஃபோலியை, மேடையைச் சூழ்ந்து நின்ற பதினாறு அடி உயரக் கூண்டின் மேலிருந்து கீழே இருந்த மேசையின் மேல் எறிந்ததை இன்றும் எல்லோரும் பேசுகிறார்கள். அது திட்டமிட்டது. சற்று நேரத்தில் கூண்டின் கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு ஃபோலி உள்ளே மேடையில் விழுந்தது திட்டத்தில் இல்லாதது; கூடவே வந்த நாற்காலி முகத்தில் பட்டுப் பல்லும் உடைந்தது. அந்தக் காட்சி புகழ் பெற்ற அளவுக்கு, அதன் பிறகு அவர் உடம்பு சுமந்த வலி புகழ் பெறவில்லை. அடுத்த ஆண்டு மே 23 அன்று கன்சாஸ் நகரில், அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வர வேண்டிய ஓவன் ஹார்ட், கொக்கி விடுபட்டுச் சுமார் 24 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். வயது 34. அது மல்யுத்தப் பிடி கூட இல்லை, வெறும் நுழைவுக் காட்சி. அன்றைய நிகழ்ச்சியை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார்கள் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

தலையில் அடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரும்பு நாற்காலியால் தலையில் ஓங்கி அடிப்பது ஒரு காலத்தில் வாராந்தரக் காட்சியாக இருந்தது. கை கொண்டு தடுக்காமல் வாங்கிக்கொள்பவருக்கே கூடுதல் கைதட்டல் கிடைத்தது. ஹார்வர்டில் படித்துவிட்டு மல்யுத்தத்துக்கு வந்த கிறிஸ் நோவின்ஸ்கி, திரும்பத் திரும்ப மூளை அதிர்ச்சிக்கு ஆளாகித் தொழிலை விட்டு, 2007ஆம் ஆண்டில் இந்தக் காயங்களை ஆராயும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். தலையில் நாற்காலியால் அடிப்பதை 2010ஆம் ஆண்டில் டபிள்யூடபிள்யூஇ தடை செய்தது. டேனியல் பிரையன் 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூளை அதிர்ச்சிகளின் காரணமாக ஓய்வை அறிவித்து, மருத்துவர்கள் அனுமதித்த பிறகு 2018ஆம் ஆண்டில்தான் திரும்பினார். ஆகவே பழைய போட்டிகளைப் பார்த்துவிட்டு "இப்பெல்லாம் சப்புனு இருக்குது, ரத்தமே இல்லை" என்று குறைபட்டுக்கொள்பவர், தான் எதைக் கேட்கிறோம் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டியூப் லைட்டுகளையும் முள்கம்பியையும் வைத்து நடத்தும் போட்டிகளை நான் பார்ப்பதில்லை, பிள்ளைகளுக்குக் காட்டவும் சொல்ல மாட்டேன். கைத்திறன் குறையும் இடத்தில்தான் கண்ணாடி கூடுகிறது என்பது என் எண்ணம்.

ஒரு பெரிய விழுகையால் மட்டுமே ஆபத்து வருவதில்லை. ஜப்பானின் மிட்சுஹரு மிசாவா பல ஆண்டுகளாகக் கழுத்தின் மேல் விழும் பிடிகளை வாங்கியவர். 2009ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், அதற்கு முன் எத்தனையோ முறை வாங்கிய அதே வகைப் பின்பக்க எறிதலில் விழுந்து, எழாமல் இறந்தார். வயது 46. எட்ஜ் என்ற வீரருக்குக் கழுத்தில் தண்டுவடக் கால்வாய் குறுகியது தெரிய வந்து 2011ஆம் ஆண்டில் ஓய்வு பெற வேண்டியதாயிற்று. ஒன்பது ஆண்டு கழித்துத்தான் அவரால் திரும்ப முடிந்தது. சாதாரணமாகத் தெரியும் விழுகைகள் வட்டிக் கணக்குப் போலச் சேருகின்றன என்பதால், கூட்டம் கவனிக்காத சிறு ஊர் நிகழ்ச்சியில் விழும் பெயர் தெரியாத வீரருக்கும் இதே மரியாதை உரியது.

மேடைக்கு வெளியே

இந்த வீரர்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் ஊழியர்கள் கிடையாது, தனி ஒப்பந்தக்காரர்கள். டபிள்யூடபிள்யூஇ போன்ற பெரிய நிறுவனம் மேடையில் பட்ட காயத்துக்குச் சிகிச்சை செய்துகொடுத்தாலும், பொதுவான மருத்துவக் காப்பீட்டை வீரரே பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா இல்லையா என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பது திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. 1986ஆம் ஆண்டில் ஜெசி வென்சுரா வீரர்களுக்குச் சங்கம் அமைக்க முயன்றார், நடக்கவில்லை. இன்றும் அங்கே சங்கம் இல்லை. மற்ற விளையாட்டுகளுக்கு இருப்பது போல ஆண்டில் சில மாதம் ஓய்வு என்ற ஏற்பாடும் இல்லை. எடி கெரேரோ என்ற வீரர் 2005ஆம் ஆண்டு நவம்பரில் 38 வயதில் இறந்த பிறகே, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இதயப் பரிசோதனையும் மருந்துப் பரிசோதனையும் அடங்கிய நலத் திட்டத்தை டபிள்யூடபிள்யூஇ தொடங்கியது. வலி மாத்திரைகளை நம்பி நாட்களைத் தள்ளிய தலைமுறை அது.

இதைத் தெரிந்துகொண்டு நாம் செய்யக் கூடியது சிறிதுதான்: ஓய்வு பெற்றவரைக் கேலி செய்யாமல் இருப்பது, எடை போட்டுவிட்ட பழைய வீரரின் படத்தைச் சிரிப்புக்காகப் பகிராமல் இருப்பது, ஒருவர் காயத்தால் பட்டத்தை விட்டுக்கொடுத்தால் "பயந்துட்டான்" என்று சொல்லாமல் இருப்பது.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

நம் பக்கத்தில் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கும் இடங்கள் தெரிந்தவைதான்: மொட்டை மாடி, கட்டில், பொள்ளாச்சி காங்கேயம் பக்கம் தேங்காய் நார்க் கழிவுக் குவியல், சோளத்தட்டுப் போர், சிமெண்டுக் களம். போரும் குவியலும் மெத்தென்று இருப்பதால் ஆபத்தில்லை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கழுத்து முறிவதற்குக் கடினமான தரை தேவையில்லை. தலை ஓரிடத்தில் பதிந்து நிற்க, உடம்பின் எடை முழுவதும் பின்னால் வந்து அழுத்தினால் போதும். அதனால் மெத்தை மேல் செய்தாலும் தலைகீழாகப் பிடித்து இறக்கும் எந்தப் பிடியும் கூடாது என்பதை விதியாகவே வைத்துவிடுங்கள். "அது பொய்யடா, நீ செய்யாதே" என்று சொல்வதில் ஒரு முரண் இருக்கிறது. பொய் என்றால் செய்து பார்ப்பதில் என்ன தப்பு என்றுதான் பிள்ளை நினைக்கும். "அவங்க நெசமாவே விழறாங்க கண்ணு, விழறதுக்கே வருஷக்கணக்கா படிச்சிருக்காங்க, அப்படியும் கழுத்து உடையுது" என்று சொன்னால் சொல் ஏறும். 2001ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில், பயிற்சியாளர்கள் இருந்த ஒரு மல்யுத்தப் பள்ளியிலேயே, ஏற்கெனவே தலையில் அடிபட்டிருந்த மாணவர் ஒருவர் மறுபடியும் விழுந்து இறந்திருக்கிறார் என்பதையும் வளர்ந்த பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.

ஆசை அடங்காத பிள்ளையை அடக்குவதை விட, ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கும் இடத்துக்கு அனுப்புவது மேல். ஜூடோ வகுப்பில் முதல் சில வாரங்கள் விழுவதற்கு மட்டுமே பயிற்சி தருவார்கள். மோவாயை ஒட்டுவது, கையால் தரையை அறைவது எல்லாம் அங்கேயே இருக்கிறது. விரிப்பின் மேல் தகுதியான பயிற்சியாளர் சொல்லிக்கொடுக்கும் ஒலிம்பிக் வகை மல்யுத்தமும் நல்லது. அப்படி ஒரு மாதம் விழுந்து பழகிய பிள்ளை, தொலைக்காட்சியில் ஒரு விழுகையைப் பார்க்கும் பார்வையே மாறியிருக்கும்.

எவ்வளவு சொல்லியும் விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். கழுத்தில் அடிபட்டு, கைகால் மரத்துப் போகிறது என்றோ அசைக்க முடியவில்லை என்றோ பிள்ளை சொன்னால், தூக்கி உட்கார வைக்கக் கூடாது; தலையை நிமிர்த்தித் தண்ணீரோ சோடாவோ கொடுக்கக் கூடாது. விழுந்த நிலையிலேயே கிடக்கவிட்டு, ஒருவர் இரு கைகளாலும் தலையை அசையாமல் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். மூச்சு இல்லை என்றால் 108இல் பேசுபவர் சொல்வதை அப்படியே செய்ய வேண்டும். நம் கிராமங்களில் அவசரத்துக்குச் செய்வது போல மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோவது, விழுந்ததில் தப்பிய தண்டுவடத்தையும் போகும் வழியில் கெடுத்துவிடும்.

தலையில் அடிபட்ட பிள்ளை எழுந்து நடந்துவிட்டாலும் அன்று முழுவதும் கண்காணியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, கேட்டதையே கேட்டாலோ, அளவுக்கு மீறித் தூங்கி வழிந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிகிறது என்றாலோ, வலிப்பு வந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டாலும் அன்றைக்கு மறுபடியும் விளையாட அனுப்பக் கூடாது. முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி, முதல் அடியை விடச் சிறியதாக இருந்தாலும் பெரிய கேட்டைச் செய்யும். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரிடமும் இதைச் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காலையிலேயே பையன் கபடிக்கு இறங்கிவிடுவான்.